ஹெலன்: வெளியாளின் உடலும் ஊரின் மானமும்



இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவுக்கு என்ன தலைப்பு என்று மன்றத்திலிருந்து கேட்டார்கள். ஹெலனைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். தொலைபேசியில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "இந்திப் படத்துல காபரே ஆடுவாங்களே, அந்த ஹெலனுங்களா?" என்று கேட்டார் தோழர். அவரேதான். அயோத்திதாசரையும் இரட்டைமலை சீனிவாசனையும் அன்னை மீனாம்பாளையும் பேச வேண்டிய மேடையில் ஒரு காபரே நடனக்காரிக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்வதுதான் இந்த உரை.

பதிலின் ஒரு பகுதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நம் கூட்டத்தில், கோயில் திருவிழாக்களில் நடக்கும் ஆடல் பாடல் நிகழ்ச்சிகளைக் கண்டித்து ஒரு தீர்மானம் போட்டோம். நம் பெண்களின் மானத்தைக் கெடுக்கும் ஆபாச நடனம் என்று அதில் எழுதியிருந்தோம். நானும் கை தூக்கினேன். அந்த வரியில் இருந்த 'மானம்' யாருடைய சொல் என்று அன்று நான் யோசிக்கவில்லை. ஹெலனின் வாழ்க்கையைப் படித்தபோதுதான் யோசித்தேன்.

ரங்கூனிலிருந்து நடந்தவர்கள்

ஹெலன் ஆன் ரிச்சர்ட்சன் 1938 நவம்பர் 21 அன்று பர்மாவின் ரங்கூனில் பிறந்தார். தந்தை ஆங்கிலோ இந்தியர், தாய் பர்மியர். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ரங்கூன் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள். பர்மா முழுவதும் சுமார் 10 லட்சம் இந்தியர் இருந்தார்கள். அங்கே வட்டிக்கடை வைத்த செட்டியார்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், அரிசி ஆலைகளில் உழைத்தவர்கள், நகரசபைக்காக மலக்கூடை சுமந்தவர்கள் ஆகியோரைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. தெலுங்கு, தமிழ் மாவட்டங்களிலிருந்து மேஸ்திரிகள் கூட்டிப்போன அந்தக் கூலி மக்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் பலர்.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மீது குண்டு வீசின. துப்புரவுத் தொழிலாளரும் துறைமுகத் தொழிலாளரும் உயிர் பிழைக்க ஓடினார்கள். அதன்பிறகுதான் ஒரு நகரம் யார் கையால் நடக்கிறது என்பது அரசுக்குத் தெரிந்தது. அவர்களைத் திரும்ப வேலைக்குக் கொண்டுவர அதிகாரிகள் பாடுபட்டார்கள். 1942 மார்ச் 8 அன்று நகரம் ஜப்பானியர் வசமானது. வசதியுள்ளவர்கள் முன்பே கப்பலேறிவிட்டார்கள். மற்றவர்கள் நடந்தார்கள். அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் அசாம் மலைகள் வழியாகவும் சுமார் 5 லட்சம் பேர் இந்தியாவுக்கு வந்தார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் வழியிலேயே பல்லாயிரம் பேர் செத்தார்கள்.

அந்த நடையிலும் பாகுபாடு இருந்தது. வெள்ளையருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் வசதியான பாதை, கறுப்பர்களுக்குக் கடினமான பாதை என்று பிரித்துவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. காங்கிரஸ் தலைவர்கள் 1942இல் அதை வெளிப்படையாகக் கண்டித்தார்கள். பாதையைப் பிரிப்பது நமக்குப் புதிதா என்ன? ஊர்த்தெரு வேறு, சேரித்தெரு வேறு என்று பிறந்ததிலிருந்து பார்த்தவர்கள் நாம்.

ஹெலனின் தந்தை போரில் இறந்துபோனார். தாய் கர்ப்பிணி. அவர் ஹெலனையும் ஹெலனின் தம்பியையும் கூட்டிக்கொண்டு ஒரு அகதிக் கூட்டத்தோடு காட்டுவழியில் நடந்தார். கையில் காசில்லை. வழியிலிருந்த கிராமத்தார் இரக்கப்பட்டுக் கொடுத்ததைத் தின்றார்கள். வழியிலேயே தாய்க்குக் கரு கலைந்தது. அசாமின் திப்ருகர் நகரத்தை அடைந்தபோது கூட்டத்தில் பாதிப் பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். எலும்பும் தோலுமாக மருத்துவமனையில் கிடந்து, தேறி, கல்கத்தாவுக்குப் போனார்கள். அங்கே தம்பி பெரியம்மையில் இறந்தான். இவை ஹெலனே பின்னாளில் பேட்டிகளில் சொன்னவை. வழியில் சில இடங்களில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள், கால் புண்ணுக்கு மருந்து போட்டார்கள் என்றும் சொல்லியிருக்கிறார். நம் கூலிக் குடும்பங்களில் எத்தனை பேருக்கு அந்த வண்டி நின்றிருக்கும் என்ற கேள்வியையும் இங்கே சேர்த்தே கேட்க வேண்டும். அகதிகளுக்குள்ளும் படிநிலை இருந்தது.

தமிழ் சினிமா ரசிகர்களுக்கு இந்த நடை தெரியாததல்ல. 1952இல் வந்த 'பராசக்தி' ரங்கூனிலிருந்து திரும்பும் தமிழ்க் குடும்பத்தின் கதை. அகதியாக வந்து காலிழந்து பிச்சையெடுக்கும் அண்ணன் அதில் உண்டு. குணசேகரனுக்குக் கடைசியில் ஒரு நீதிமன்றக் கூண்டு கிடைத்தது. அங்கே நின்று அவன் சமூகத்தையே குற்றவாளியாக்கிப் பேசினான். நம் அப்பன்மார் அந்த வசனத்தை மனப்பாடமாகச் சொல்வார்கள். அதே போரில் அதே ரங்கூனிலிருந்து வந்த ஒரு சிறுமிக்கு இந்தியத் திரை எந்தக் கூண்டையும் கொடுக்கவில்லை. ஆடுவதற்கு மேடை கொடுத்தது. சில படங்களில் அந்த மேடையும் பறவைக்கூண்டு வடிவத்தில் இருந்தது.

கூலி வேலையாக நடனம்

கல்கத்தாவிலிருந்து பம்பாய். தாய் நர்ஸ் வேலை பார்த்தார். அந்தச் சம்பளம் போதவில்லை. ஹெலன் படிப்பை நிறுத்தினார். அப்போது பம்பாய்ப் படங்களில் பேர்பெற்ற நடனக்காரியாக இருந்த குக்கூ, ஆங்கிலோ இந்தியப் பெண், குடும்ப நண்பர். அவர்தான் ஹெலனைக் குழு நடனத்தில் சேர்த்துவிட்டார். 1951இல் வந்த 'ஷபிஸ்தான்', 'ஆவாரா' படங்களில் வரிசையில் நின்று ஆடும் பெண்களில் ஒருத்தி ஹெலன். வயது 12, 13. குழந்தைத் தொழிலாளி.

1958இல் சக்தி சாமந்தாவின் 'ஹவுரா பிரிட்ஜ்' வந்தது. ஓ.பி.நய்யார் இசையில் கீதா தத் பாடிய ஒரு பாட்டில், தன்னைச் சீனத்துப் பெண்ணாக அறிமுகம் செய்துகொண்டு ஹெலன் ஆடினார். 19 வயதில் நாடு முழுக்கத் தெரிந்த முகமானார். அடுத்த இருபது ஆண்டுகளுக்கு இந்திப் படத்தில் கிளப் என்றால், ஹோட்டல் மேடை என்றால், கொள்ளையர் முகாம் என்றால் ஹெலன்தான். 'தீஸ்ரி மன்சில்', 'கேரவன்', 'ஷோலே', 'டான்' என்று பட்டியல் நீளும். மணிப்புரி, பரதம், கதக் எல்லாம் முறையாகக் கற்றவர். ஆனால் அவர் ஆடியதற்குப் பெயர் கலை இல்லை, 'ஐட்டம்'.

அவருக்குக் கொடுத்த பாத்திரங்களைக் கொஞ்சம் பாருங்கள். 'கும்நாம்' படத்தில் அவர் பெயர் கிட்டி. 'தீஸ்ரி மன்சில்' படத்தில் ரூபி. இரண்டிலும் கதை முடிவதற்குள் கொல்லப்படுகிறார். 'டான்' படத்திலும் அப்படியே. மது குடிப்பவள், ஆணைத் தானே விரும்பி நெருங்குபவள், கிறிஸ்தவப் பெயர் கொண்டவள். நாயகனுக்கு விழ வேண்டிய துப்பாக்கிக் குண்டைத் தன் நெஞ்சில் வாங்கிக்கொண்டு நாயகன் மடியில் செத்தால் மட்டும் அவளுக்கு மன்னிப்பு உண்டு. நாயகிக்குத் தாலி, இவளுக்குப் பாடை.

இன்னொரு செய்தி. ஹெலனின் உடம்பைக் காட்டுகிறார்கள் என்றுதான் ஊரெல்லாம் பேச்சு. உண்மையில் அவர் உடைக்கு அடியில் உடம்பு நிறத்தில் மெல்லிய முழு உறை அணிந்துதான் பெரும்பாலும் ஆடினார். தியேட்டரில் ஆண்கள் பார்த்துக் கிறங்கியது துணியை. வேலைக்குப் போகும் பெண் சீருடை போடுவதுபோல அவர் அதைப் போட்டுக்கொண்டு வேலையைச் செய்துவிட்டு வீட்டுக்குப் போனார். 'ஆபாசம்' என்பதைப் பெரும்பாலும் பார்க்கிறவன்தான் வீட்டிலிருந்து கொண்டுவருகிறான்.

அந்த வேலையில் பாதுகாப்பு எதுவும் இல்லை. ஹெலனைக் கைபிடித்துக் கூட்டிவந்த குக்கூ, ஒரு காலத்தில் பெரும் சம்பளம் வாங்கியவர், 1981இல் புற்றுநோயில் வறுமையில் இறந்தார். ஹெலனும் 1970களின் நடுவில் இத்தனை ஆண்டு உழைப்புக்குப் பிறகு கையில் சேமிப்பில்லாமல் நின்றார். பிறகு எழுத்தாளர் சலீம்கான் உதவியோடு சில படங்களில் நடிக்க வாய்ப்பு வந்தது. மகேஷ் பட் இயக்கிய 'லஹு கே தோ ரங்' (1979) படத்துக்காகச் சிறந்த துணை நடிகைக்கான ஃபிலிம்ஃபேர் விருது பெற்றார். 2009இல் பத்மஸ்ரீ. ஜெர்ரி பிண்டோ 2006இல் அவரைப் பற்றி எழுதிய ஆங்கில நூல் தேசிய விருதும் பெற்றது. கௌரவம் வந்தது. ஆடி முடித்துப் பல ஆண்டு கழித்து வந்தது.

சேலத்து ஸ்டுடியோவும் நம் திரையும்

இதெல்லாம் பம்பாய்க் கதை என்று நினைக்க வேண்டாம். அதே 1958இல் தமிழில் சிவாஜி இரட்டை வேடத்தில் நடித்த 'உத்தமபுத்திரன்' வந்தது. அதில் அரண்மனை நடனத்துக்கு ஹெலன் வந்து ஆடியிருக்கிறார். அந்தக் கதையை 1940இல் பி.யு.சின்னப்பாவை வைத்து முதலில் தமிழில் எடுத்தது நம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். டி.ஆர்.சுந்தரம் ஏற்காடு அடிவாரத்தில் கட்டிய அந்த ஸ்டுடியோ, நாமக்கல்லும் பரமத்தி வேலூரும் சேர்ந்த பழைய சேலம் மாவட்டத்தையே சினிமா மாவட்டம் ஆக்கியது.

1956இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தில் ஒரு நடனத்துக்குச் செங்கல்பட்டில் பிறந்த ஓர் இளம்பெண் வந்தார். அவர் வஹிதா ரஹ்மான். சில ஆண்டுகளில் இந்தியில் பெரிய நாயகியானார். 1965இல் வந்த 'கைடு' படத்தில் அவருடைய பாத்திரத்தின் பெயர் ரோஸி. ஆடும் குலத்தில் பிறந்தவள். மேடையில் பெரும்புகழ் வரும்போது அவள் பெயரை 'நளினி' என்று மாற்றிவிடுகிறார்கள். ரோஸி என்ற பெயரோடு சபையில் ஆட முடியாது. இந்த ரோஸி என்ற பெயரை நினைவில் வையுங்கள். திரும்ப வருகிறேன்.

அதே மாடர்ன் தியேட்டர்ஸ் 1970இல் எடுத்த 'சி.ஐ.டி. சங்கர்' படத்தில் ஜெய்சங்கரோடு நடித்தவர் சகுந்தலா. சேலம் அரிசிப்பாளையத்துக்காரர். படத்தின் பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டு சி.ஐ.டி. சகுந்தலா ஆனார். நாயகியாகவும் வில்லியாகவும் நடனக்காரியாகவும் நூற்றுக்கணக்கான படங்களில் உழைத்தார். 2024 செப்டம்பரில் பெங்களூரில் காலமானார். பக்கத்து ஊர்ப் பெண், அத்தனை ஆண்டு உழைத்த கலைஞர். நம் மாவட்டத்தில் எந்த இலக்கிய அமைப்பு அவருக்கு ஓர் அஞ்சலிக் கூட்டம் போட்டது? நாமும் போடவில்லை. சில்க் ஸ்மிதா 1996 செப்டம்பர் 23 அன்று 35 வயதில் இறந்தபோதும் அவர் உழைப்பைப் பேசியவர்களைவிட உடம்பைப் பேசியவர்கள்தான் அதிகம்.

இரண்டு வெளிகள்

இப்போது சமூகவியல் கேள்விக்கு வருகிறேன். இந்தியத் திரை தொடக்கத்திலிருந்தே ஏன் வெளியாட்களை ஆடவிட்டது?

1913இல் பால்கே 'ராஜா ஹரிச்சந்திரா' எடுத்தபோது தாராமதியாக நடிக்கப் பெண் கிடைக்கவில்லை. சாலுங்கே என்ற ஆண் நடித்தார். குடும்பப் பெண் கேமரா முன் நின்றால் சாதி கெட்டுவிடும். அந்த வெற்றிடத்தில்தான் யூதப் பெண்ணான ரூபி மையர்ஸ் 'சுலோசனா' என்ற பெயரில் வந்தார். ஆங்கிலோ இந்தியரான ரெனீ ஸ்மித் 'சீதாதேவி' ஆனார். ஆஸ்திரேலியாவில் பிறந்த மேரி எவன்ஸ் 'ஃபியர்லெஸ் நாடியா' ஆனார். தெற்கே இசை வேளாளர், தேவதாசி மரபுக் குடும்பங்களிலிருந்து பெண்கள் வந்தார்கள். 1947இல் மதராஸ் மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் போன்றவர்கள் உயிரைக் கொடுத்துப் போராடிப் பெற்ற விடுதலை அது. ஆனால் அதே காலத்தில் சதிர், பரதநாட்டியம் என்ற பெயரில் மேல்சாதி வீடுகளுக்குக் குடிபோனது. ஆட்டம் புனிதமானது, ஆடியவள் மட்டும் இழிந்தவளாகவே நின்றாள்.

ஆக, சாதி ஒழுங்குக்குத் தன் பெண்களின் 'தூய்மை'யைக் காக்க வேறு ஒரு உடம்பு தேவைப்படுகிறது. ஆசையைப் பார்க்கவும் வேண்டும், அது தன் வீட்டில் இல்லை என்று சொல்லவும் வேண்டும். ஹெலன் அதற்கு வசதியாக அமைந்தார். அவருக்கு இங்கே சாதி இல்லை, ஊர் இல்லை, கேட்க ஆளில்லை.

ஆனால் சாதிக்கு வெளியே இரண்டு வெளிகள் இருக்கின்றன. ஒன்று அந்நியரின் வெளி. மற்றது நம்முடைய வெளி. இரண்டும் ஒன்றல்ல என்பதை பி.கே.ரோஸியின் வாழ்க்கை காட்டுகிறது.

மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' படத்தை எடுத்தவர் ஜே.சி.டேனியல். அதில் சரோஜினி என்ற நாயர் பெண்ணாக நடித்தவர் ரோஸி. புலையர் சமூகத்தவர். கூலி வேலை செய்துகொண்டு காக்கரிசி நாடகத்தில் நடித்தவர். திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டரில் படம் ஓடியபோது, புலையப்பெண் நாயர் பெண்ணாக வேடம் கட்டுவதா என்று திரை மீது கல்லெறிந்தார்கள். அவர் குடிசையைக் கொளுத்தினார்கள். ரோஸி ஒரு லாரியில் ஏறித் தமிழ்நாட்டுப் பக்கம் தப்பினார். நாகர்கோவிலில் ராஜம்மாளாக மீதி வாழ்க்கையை வாழ்ந்து முடித்தார். அதன்பிறகு அவர் எந்தப் படத்திலும் இல்லை.

இரண்டு பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹெலன் ரங்கூனிலிருந்து அகதியாக வந்தார். திரை அவரை ஏற்றுக்கொண்டது, ஓர் எல்லைக்குள். ரோஸி இந்த மண்ணிலேயே பிறந்தார். திரை அவரை அகதியாக்கித் துரத்தியது. ஹெலன் சீனப்பெண்ணாக, அரபுப் பெண்ணாக, ஸ்பானியப் பெண்ணாக எந்த வேடமும் கட்டலாம். ரோஸி பக்கத்துத் தெருப் பெண்ணாக வேடம் கட்டக்கூடாது. அந்நியர் எல்லை தாண்டினால் அது வேடிக்கை. நாம் தாண்டினால் அது சாதிக் குற்றம். ஹெலனுக்குத் தன் பெயரை வைத்துக்கொள்ள முடிந்தது. ரோஸி தன் பெயரைப் புதைத்துவிட்டுத்தான் உயிர்வாழ முடிந்தது. கடைசியில் அந்த ரோஸி என்ற பெயரையும் சினிமா எடுத்து, கிளப்பில் ஆடும் பாத்திரங்களுக்கு வைத்துக்கொண்டது.

ஹெலனைத் தலித் என்று நான் உரிமை கொண்டாட வரவில்லை. அது வரலாற்றுக்குப் பொருந்தாது. அவருக்குக் கிடைத்த இடத்தின் அளவைப் பார்த்தால் நமக்கு மறுக்கப்பட்ட இடத்தின் அளவு தெரிகிறது.

பாபாசாகேப் சொன்னதும் நாம் செய்ய வேண்டியதும்

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. 1936 ஜூன் 16 அன்று பம்பாயில் தேவதாசிகள், ஜோகினிகள், முரளிகள் கூடிய மாநாட்டில் பாபாசாகேப் பேசினார். காமாட்டிபுராவில் வாழ்ந்த மகர் பெண்களிடம் இந்த இழிவான வாழ்க்கையை விட்டுவிடுங்கள் என்று கடுமையாகவே சொன்னார். அப்படியானால் ஆடல் பாடலை எதிர்த்து நாம் போட்ட தீர்மானம் சரிதானே?

பாபாசாகேப் எதிர்த்தது ஒரு சாதிப் பெண்ணாகப் பிறந்துவிட்டால் இதைத்தான் செய்ய வேண்டும் என்ற கட்டாயத்தை. அதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. பிறப்பால் சுமத்தப்பட்ட எந்தத் தொழிலும், அது பறையோ, மலக்கூடையோ, நடனமோ, ஒழிய வேண்டும். ஆனால் அவர் பேச்சைக் கேட்ட பெண்களுக்கு மாற்றுப் பிழைப்பு கிடைத்ததா என்று கேட்கும் கடமை நமக்கு இருக்கிறது. மராட்டியத் தமாஷா ஆடிய தலித் பெண்களைப் பற்றி 'தி வல்காரிட்டி ஆஃப் காஸ்ட்' என்ற நூலை எழுதிய ஷைலஜா பைக், 2024இல் அமெரிக்காவின் மெக்ஆர்தர் விருது பெற்றவர். 'ஆபாசம்' என்ற முத்திரையே சாதி எப்படி வேலை செய்கிறது என்பதற்குச் சான்று என்று அவர் காட்டுகிறார். ஒரு பக்கம் ஊர் அந்தப் பெண்களை ஆடவைத்துப் பார்த்தது. இன்னொரு பக்கம் நம் இயக்கமும் அவர்களைக் கண்டு வெட்கப்பட்டது. இரண்டுக்கும் நடுவில் அவர்கள் தனியாக நின்றார்கள்.

மகாராஷ்டிர அரசு 2005இல் டான்ஸ் பார்களைத் தடை செய்தது. நட்சத்திர ஹோட்டல்களுக்கு மட்டும் விலக்கு. 2013இல் உச்சநீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. பணக்காரர் பார்த்தால் கலை, ஏழை பார்த்தால் ஒழுக்கக்கேடு என்ற அந்தப் பாகுபாடு சட்டத்தின் வாசகத்திலேயே இருந்தது. தடையால் தெருவுக்கு வந்தவர்களில் ஆடும் தொழிலைச் சாதியாகச் சுமந்த பெண்கள் பலர். தொழிலை நிறுத்தினார்கள், பிழைப்பைக் கொடுக்கவில்லை.

நம் ஊருக்கு வருகிறேன். வெற்றிலைக் கொடிக்காலிலும் கரும்பாலையிலும் நம் சனம் உழைக்கிற இந்தக் காவிரிக் கரையில், சித்திரை வைகாசி வந்தால் கோயில்தோறும் திருவிழா. ஆடல் பாடல் இல்லாத திருவிழா குறைவு. அந்தத் தீர்மானம் போட்டுச் சில மாதம் கழித்து ஒரு திருவிழாவில் ஆட வந்த பெண்ணோடு பேச நேர்ந்தது. இரவு ஒரு மணி இருக்கும். மேடைக்குப் பின்னால் நின்ற வேனில் உட்கார்ந்து பொட்டலச் சோறு தின்றுகொண்டிருந்தாள். கோயில் அன்னதானப் பந்தி பத்தடி தூரத்தில் நடந்தது. அவளை அங்கே யாரும் கூப்பிடவில்லை. மைக்கில் சொன்ன பெயரில் அழைத்தேன். சிரித்தாள். "அது மேடைப் பேருங்க அக்கா. ஊர்ல ஜவுளிக்கடையில வேலைன்னு சொல்லியிருக்கறேன்" என்றாள். என்ன ஆள் என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். நம் சனம்தான்.

ரோஸி நாகர்கோவிலில் ராஜம்மாளாக வாழ்ந்ததற்கும் இந்தப் பெண் ஜவுளிக்கடைக்காரியாக வாழ்வதற்கும் நடுவில் சுமார் நூறாண்டு ஓடியிருக்கிறது. அவள் யாருக்குப் பயந்து பொய் சொல்கிறாள்? ஆதிக்கச் சாதிக்கு மட்டுமா? நம் தெருவுக்கும் பயந்துதானே? நாம் போட்ட தீர்மானத்துக்கும் பயந்துதானே?

ஆகவே என் வேண்டுகோள் மூன்று. அந்தத் தீர்மானத்திலிருந்து 'மானம்' என்ற வரியை எடுத்துவிடுவோம். அது நம்மை மானமில்லாதவர்கள் என்று சொன்னவர்களின் அளவுகோல். இரண்டாவது, ஆட வரும் பெண்களுக்குப் பேசிய கூலி, இரவில் பாதுகாப்பான வண்டி, உடை மாற்ற மறைவான இடம், பந்தியில் சமமான இலை, கலைஞர் நல வாரிய அட்டை ஆகியவற்றைக் கேட்டுப் புதிய தீர்மானம் போடுவோம். அந்தத் தொழிலை விட விரும்பும் பெண்ணுக்கு வேறு வேலைக்கும் படிப்புக்கும் நாம்தான் வழி தேட வேண்டும். மூன்றாவது, நம் வரலாற்றுப் புத்தகங்களில் இவர்களுக்கும் பக்கம் ஒதுக்குவோம். பெயரை மறைத்து வாழ்ந்தவர்களின் பெயரை, அவர்கள் சம்மதித்தால், எழுதுவோம்.

அசாம் காட்டில் காலில் கொப்புளத்தோடு நடந்த சிறுமி, இந்தியா முழுவதும் பார்க்க ஆடினாள். சோற்றுக்காக ஆடினாள், நன்றாக ஆடினாள். இரண்டையும் சேர்த்துச் சொல்லும் துணிச்சல் நமக்கு வேண்டும். வேனில் உட்கார்ந்து பொட்டலச் சோறு தின்ற நம் பெண்ணுக்கும் அதையே சொல்ல வேண்டும். அடுத்த திருவிழாவில் அவளைப் பந்திக்கு அழைத்துவந்து நம் பக்கத்தில் உட்கார வைப்போம். அதிலிருந்து தொடங்கலாம்.

ஜெய்பீம்.